டாக்டரின் பணிச்சுமை நம் பிரச்சினை இல்லையா?

‘குடும்ப மருத்துவர்’ என்றதும் நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு ஒரு முகம் நினைவுக்கு வரும். தாத்தாவின் சர்க்கரை, அம்மாவின் தைராய்டு, பேத்தியின் வீசிங் என்று மூன்று தலைமுறையின் உடம்பையும் அறிந்த ஒருவர். நம் சேரிகளுக்கும் காலனிகளுக்கும் அப்படி ஒரு முகம் இல்லை. நமக்கு இருப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர். அவர் பெயர் பலருக்குத் தெரியாது, ‘பி.எச்.சி. டாக்டர்’ என்பதுதான் பெயர். பெயர் தெரிந்துகொள்ளும் நேரத்தில் அவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

அந்த டாக்டர் எவ்வளவு வேலை பார்க்கிறார், யாருக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறார், அவர் சார்பில் பேசுவது யார் என்ற கேள்விகள் நம் கூட்டங்களில் அதிகம் எழுவதில்லை. “அவங்களுக்கென்ன, கவர்மென்ட் சம்பளம்” என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கேயே அதை முடித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை. டாக்டரின் மேசைக்குப் பின்னால் யார் உட்காருகிறார் என்பதும், மேசைக்கு முன்னால் நிற்பவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள். முதல் பாதிக்காக நாம் நூறு ஆண்டுகளாகப் போராடி வருகிறோம். இரண்டாவது பாதியையும் கையில் எடுத்தாக வேண்டும்.

இரண்டு நிமிடக் கணக்கு

67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017-ல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வெளியானது. ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு சராசரியாக எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதே கேள்வி. சுவீடனில் 22.5 நிமிடம். வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். உலக மக்களில் பாதிப் பேர் வாழும் நாடுகளில் டாக்டரின் நேரம் 5 நிமிடமோ அதற்கும் குறைவோதான்.

ஆய்வு வேண்டாம், நாமே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். காலை ஓ.பி. நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம், 240 நிமிடம். ஒரே டாக்டர், 100 ஓ.பி. சீட்டு. ஆளுக்கு 2.4 நிமிடம். உள்ளே வந்து உட்கார்வது, என்ன செய்கிறது என்று சொல்வது, சோதிப்பது, மருந்து எழுதுவது, எழுந்து வெளியே போவது எல்லாம் இதற்குள் முடிய வேண்டும்.

அந்த 240 நிமிடமும் முழுதாகக் கிடைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கான நாள், தடுப்பூசி நாள், பள்ளி முகாம், ஆய்வுக் கூட்டம், காணொளிக் கூட்டம், நீதிமன்ற சம்மன், இணையத்தில் ஏற்ற வேண்டிய பதிவுகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கடித்துக்கொள்ளும். பக்கத்து நிலையத்தில் டாக்டர் இடம் காலியாக இருந்தால் ‘டெபுடேஷன்’ என்று இவரையே அங்கும் அனுப்புவார்கள். அன்று இங்கே வருகிறவர்களுக்குக் கிடைப்பது செவிலியரும், “நாளைக்கு வாங்க” என்ற பதிலும்தான்.

சுதந்திரத்துக்கு முன்பே, 1946-ல், போர் குழு உடனடித் திட்டமாகச் சொன்னது 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் 2 டாக்டர்கள். இன்றைய அளவுகோல் சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. ஆனால் நோயின் கணக்கு மாறிவிட்டது. அன்று காய்ச்சலும் காலராவும் பிரசவமும் பெரிய வேலைகள். இன்று அவற்றோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் பரிசோதனை, மனநலம் எல்லாம் அதே மேசைக்கு வந்திருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நல்ல திட்டம், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாத நம் அம்மாக்களுக்கு வீட்டுக்கே மாத்திரை வருவது பெரிய விஷயம். ஆனால் வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு புதிய சர்க்கரை நோயாளிக்கும் ஆயுள் முழுக்க ஒரு டாக்டரின் கவனம் தேவை. நோயாளிகளின் எண்ணிக்கை கூடுவதுபோல டாக்டர்களின் எண்ணிக்கையும் கூட வேண்டாமா?

இரண்டு நிமிடத்தில் சாதி எப்படி வேலை செய்கிறது?

“எல்லாருக்கும் அதே ரெண்டு நிமிஷம்தானே, இதுல சாதி எங்க வந்துச்சு?” என்று கேட்பார்கள்.

நேரம் குறையும்போது அது சமமாகக் குறைவதில்லை. ஊர்த்தெருப் பெரியவர் வந்தால் எழுந்து நின்று நலம் விசாரிக்கும் அறையில்தான், காலனிப் பெண்ணுக்கு நிமிர்ந்து பார்க்காமல் சீட்டு எழுதப்படுகிறது. டாக்டர் சாதி வெறியராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. வரிசை நீளமாக இருக்கும்போது செல்வாக்கு உள்ளவர் வரிசையைத் தாண்டுவார், பேசத் தெரிந்தவர் தன் இரண்டு நிமிடத்தை ஐந்தாக்கிக்கொள்வார். தன் வலியை மருத்துவ மொழியில் சொல்லத் தெரியாதவருக்கு, கூச்சத்தில் பாதியை விழுங்கிவிடுகிறவருக்கு, மிச்சம்தான். “உடம்பு அசதியா இருக்கு” என்று சொல்லும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு இருப்பது ரத்தசோகையா, அதிக உதிரப்போக்கா, வீட்டில் அடி உதையா என்று இரண்டு நிமிடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சத்து மாத்திரை எழுதத்தான் முடியும்.

இது வெறும் ஊகமல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்தி, கியான்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 2006-ல் நூலாக வெளியிட்ட தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்ததைப் பதிவு செய்தது. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளுக்குக் கிடைக்கும் மருத்துவத்தை ஆராய்ந்த சங்கமித்ரா ஆச்சார்யா, பாகுபாட்டைத் தேடிய இடங்களில் இரண்டு, தொடுதலும் செலவிடும் நேரமும். நாடி பிடிக்காமல், வயிற்றை அழுத்திப் பார்க்காமல் மருந்து எழுதும் டாக்டரிடம் ‘ஏன் தொடவில்லை’ என்று கேட்டால், ‘எங்கே நேரம்’ என்பார். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம், தீண்டாமைக்கு மறைப்பாகவும் இருக்கலாம். பணிச்சுமை இருக்கும்வரை இரண்டையும் பிரித்தறிய முடியாது. பணிச்சுமையைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்க ஒரு காரணம் இது. நேரம் இருந்தும் தொடாதவர் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் தெற்கு வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் குடும்ப மருத்துவராக இருந்தவர். 1971-ல் ‘தி லான்செட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, மருத்துவத்தைச் சந்தையிடம் எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவுக்கு இந்த அநீதி கூடுகிறது. ‘தலைகீழ் மருத்துவ விதி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். சுரங்கத் தொழிலாளர்களை வைத்து அவர் எழுதியதை நம் காலனிக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்காது.

இடம் கிடைத்த பிறகு

இடஒதுக்கீட்டின் சட்ட வரலாறே மருத்துவக் கல்லூரி வாசலில்தான் தொடங்குகிறது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த சென்னையின் வகுப்புவாரி அரசாணைப்படி, ஒவ்வொரு 14 இடத்திலும் நமக்கு 2. அந்தத் தீர்ப்புக்குப் பின் எழுந்த போராட்டங்களால்தான் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம். 2009-ல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு போன்ற உட்பிரிவுகள் செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ரத்தமும் தெருவும் இருக்கின்றன.

ஆனால் பிரதிநிதித்துவம் சேர்க்கைப் பட்டியலோடு முடிவதில்லை. சீட்டு கிடைத்து, பட்டம் வாங்கி, பணிக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது?

எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க 2006-ல் அமைக்கப்பட்ட தோரட் குழு, வகுப்பறையிலும் தேர்விலும் விடுதியிலும் பாகுபாடு இருப்பதை மறுவருடமே எழுதி வைத்தது. மும்பையில் முதுநிலை மருத்துவம் படித்த பழங்குடிப் பெண் டாக்டர் பாயல் தாட்வி 2019 மே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், கற்க வேண்டிய வேலைகளிலிருந்து ஒதுக்கினார்கள் என்பது குடும்பத்தின் புகார். சீனியர் டாக்டர்கள் மூவர் கைதானார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, பணிப்பங்கீடு ஓர் ஆயுதம் என்பது. யாருக்குத் தொடர் இரவுப் பணி, யாருக்கு எழுத்து வேலை, யாருக்குக் கற்கும் வாய்ப்பு என்று தீர்மானிக்கும் பணிப்பட்டியல் சாதியைச் சொல்லாமலே சாதியை நடத்தும்.

எங்கள் வேலையில் பழகிய தலித் டாக்டர்கள் பலர் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். மற்றவர் விடுப்பு கேட்டால் விடுப்பு, இவர் கேட்டால் ‘கோட்டாவுல வந்தவங்க இப்படித்தான்’. மற்றவர் தவறினால் அது களைப்பு, இவர் தவறினால் அது தகுதிக் குறைவு. அதனால் இவர்களால் ‘முடியாது’ என்று சொல்ல முடிவதில்லை. டெபுடேஷன் என்றாலும் தலையாட்டி விடுகிறார்கள். ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் வரும் போன்கள் வேறு. குடும்பத்தில், தெருவில், சில நேரம் ஒரு வட்டாரத்திலேயே முதல் டாக்டர் இவர். யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்றாலும் இவரைத்தான் கேட்பார்கள். அதை அவர்கள் மகிழ்ச்சியோடு செய்கிறார்கள். ஆனால் அந்த வேலை எந்தப் பணிப்பட்டியலிலும் இல்லை. ‘நம்ம டாக்டர்’ என்று பெருமைப்படும் நாம், அவர் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஒப்பந்தப் பணி. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் 500 நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. குடிசைப் பகுதி மக்களுக்கு அருகில் டாக்டர் வருவதை வரவேற்கிறோம். ஆனால் தொகுப்பூதியத்தில், பணிப் பாதுகாப்பின்றி அமர்த்தப்படும் டாக்டர் அந்தப் பகுதியின் குடும்ப மருத்துவராக எத்தனை ஆண்டு இருப்பார்? தொகுப்பூதிய நியமனங்களில் இனச்சுழற்சி பின்பற்றப்படுகிறதா என்று மாவட்டந்தோறும் கேட்டாக வேண்டும். நிரந்தரப் பணி சுருங்கினால் இடஒதுக்கீடும் சுருங்கும். ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த பாடம் இது.

ஐந்து ரூபாய் டாக்டர்கள் போதுமா?

வியாசர்பாடியில் ஐந்து ரூபாய்க்கு மருத்துவம் பார்த்த டாக்டர் திருவேங்கடம் 2020 ஆகஸ்டில் மறைந்தபோது வடசென்னையே அழுதது. அவர் அந்த மக்களின் உண்மையான குடும்ப மருத்துவர். அவரை வணங்குகிறோம். ஆனால் நம் சமூகம் இப்படிப்பட்டவர்களைக் கொண்டாடும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மனிதரின் கருணையாக இருக்கும்வரை மருத்துவம் உரிமை ஆகாது. அவர் போனதும் அதுவும் போய்விடும். கூடவே, தூக்கம் கேட்கும், வார விடுப்பு கேட்கும், ‘ஒரு நாளைக்கு இத்தனை பேரைத்தான் பார்க்க முடியும்’ என்று சொல்லும் சாதாரண டாக்டரை அந்தக் கொண்டாட்டம் சுயநலக்காரர் ஆக்கிவிடுகிறது. தன்னைத் தேய்த்துக்கொள்ளும் தியாகியைக் காட்டி உரிமை கேட்பவரை மடக்குவது நமக்குப் பழக்கமான தந்திரம். தூய்மைப் பணியாளர்களைக் ‘கடவுள்’ என்று சொல்லிப் பணி நிரந்தரத்தை மறுப்பதும் இதே தந்திரம்தான்.

சங்கம் யாருக்காகப் பேசுகிறது?

2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு கோரிக்கைகள். காலமுறைப் பதவி உயர்வும் ஊதியமும் ஒன்று. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடம் மற்றொன்று. அரசுப் பணியில் இருப்போருக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீத ஒதுக்கீடு, பணியிடக் கலந்தாய்வு ஆகியவை மற்ற இரண்டு. தொலைக்காட்சி விவாதங்கள் முதல் கோரிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டன. நோயாளிகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ள இரண்டாவது கோரிக்கை காணாமல் போனது. போராட்டத்தில் முன்னின்ற பலர் வெளியூர்களுக்குத் தூக்கியடிக்கப்பட்டார்கள். அந்த இடமாற்ற ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-ல் ரத்து செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று, பணியில் இருப்போருக்கு முதுநிலையில் தனி ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கு. சங்கம் வலுவாக இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

குடும்ப மருத்துவர்கள் தங்கள் பணிச்சுமையை எப்படிப் பேசலாம் என்பதற்குப் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே குடும்ப மருத்துவர்களுக்கு 1911-ன் காப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வட்டார மருத்துவக் குழுக்கள் உண்டு. அரசு நிர்வாகம் அவற்றோடு பேசியாக வேண்டும். ஒரு டாக்டர் ஒரு நாளில் 25 நோயாளிகளுக்கு மேல் பார்ப்பது பாதுகாப்பல்ல என்று அங்குள்ள மருத்துவர் சங்கம் வரையறுத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய கூட்டு நடவடிக்கையில் அந்த எண்ணையே ஒரு போராட்ட வடிவமாக்கினார்கள். நம் பி.எச்.சி.யில் 25 சீட்டு முதல் மணி நேரத்திலேயே முடிந்துவிடும். அதே எண்ணை அப்படியே இங்கே கேட்க முடியாதுதான். ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி அதற்காக நிற்பது என்ற முறையைக் கற்கலாம்.

அங்கிருந்து இன்னொன்றும் கற்க வேண்டும். ஸ்காட்லாந்தில் மிகவும் வறிய பகுதிகளில் உள்ள 100 குடும்ப மருத்துவ நிலையங்களின் டாக்டர்கள் 2009 முதல் ‘டீப் எண்ட்’ என்ற பெயரில் ஒன்றாகப் பேசுகிறார்கள். நீச்சல் குளத்தின் ஆழமான முனை என்று பொருள். நோய் அதிகமுள்ள இடத்துக்கு அதிக நேரமும் அதிக டாக்டரும் வேண்டும், எல்லாருக்கும் ஒரே அளவு என்பது சமத்துவமல்ல என்பது அவர்களின் வாதம். அண்ணலின் பிள்ளைகளான நமக்கு அந்த வாதத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலித் மக்கள் அதிகம் வாழும் வட்டாரங்களின் டாக்டர்கள் இப்படி ஒன்றாகப் பேசினால் எப்படி இருக்கும்?

டாக்டர் சங்கங்களிடமும் நமக்குக் கேள்விகள் உண்டு. மாநில நிர்வாகிகளில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர்? சக டாக்டர் மீது சாதி வசவு விழுந்தபோது சங்கம் என்ன செய்தது? டாக்டரின் சுமை குறைந்தால் அது யார் தலையில் இறங்கும்? கிராம சுகாதார செவிலியர், ஊக்கத்தொகைக்கு வீடு வீடாக நடக்கும் பெண் தன்னார்வலர், நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரில் நம் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். சுமையைக் கீழே தள்ளுவது தீர்வல்ல. ஆள் சேர்ப்பதும் அதற்குரிய சம்பளம் கொடுப்பதும்தான் தீர்வு.

நாம் செய்ய வேண்டியவை

மாணவத் தோழர்களுக்கு, இதை வாசித்து ‘லைக்’ போடுவதோடு விட வேண்டாம்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை, கடந்த ஓராண்டின் மாதவாரி ஓ.பி. எண்ணிக்கை என்ன, எத்தனை நாள் டாக்டர் டெபுடேஷனில் இருந்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஓ.பி.யை டாக்டர் நாட்களால் வகுத்தால் ஒரு டாக்டர் ஒரு நாளில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை வரும், ஓ.பி. நேரத்தின் நிமிடங்களை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் உங்கள் ஊரின் நிமிடக் கணக்கு வரும். அதைக் கிராம சபையில் வாசியுங்கள், தீர்மானமாக்குங்கள். மாவட்டத்தின் ஒப்பந்த நியமனங்களில் இனச்சுழற்சி விவரத்தையும் தனி மனுவாகக் கேளுங்கள்.

நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கும். அதில் யார் உறுப்பினர், கடைசியாக எப்போது கூடியது என்று பாருங்கள். காலனியிலிருந்து ஒரு பெண்ணாவது அதில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். நோயாளிகளின் பிரதிநிதித்துவமும் பிரதிநிதித்துவம்தான்.

நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற பணியிடம் கேட்டு டாக்டர்கள் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது, நோயாளிகளின் பதாகையோடு நாமும் போய் நிற்போம். போகும்போதே நம் நிபந்தனையையும் சொல்வோம்: உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான ஒரு வரியும், பணிப்பங்கீட்டை வெளிப்படையாக ஒட்டும் முறையும் இடம்பெற வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. நீங்கள் எல்லாரும் இதய நிபுணர் ஆகுங்கள், நரம்பியல் நிபுணர் ஆகுங்கள், அது நம் கனவு. உங்களில் சிலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீண்ட காலம் இருக்க விரும்பினால் அதைத் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அங்கே தியாகியாக இருக்க வேண்டியதில்லை. நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போய், சங்கத்தில் பதவிக்குப் போட்டியிட்டு, எதிரே உட்காரும் அம்மாவின் கையைத் தொட்டு நாடி பார்க்கும் டாக்டராக இருந்தால் போதும். அதற்குரிய நிமிடங்களை வாங்கித் தருவது வெளியே இருக்கும் எங்கள் வேலை.

ஜெய் பீம்.